தரையைத் துடைத்துவிட்டுப் போன திருடன்

அத்தியாயம் 7

“நாப்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம்,” என்றார் தராசுக்காரர்.

“சுமாரா சொன்னாப் போதும் சார்,” என்றார் கண்டக்டர்.

“சுமார்னு ஒரு எடை கிடையாதுங்க.”

கண்டக்டர் தன் குறிப்பேட்டில் 42.600 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். இருபத்தாறு வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். பேருந்திலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தவை இரண்டுதான்: தோல்பையும் வாயும். மேடம், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை இருபது வருடம் பார்த்துவிட்டு, இப்போது ஒரு மாடியறையில் தனியாகத் துப்பறிகிறார். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துக் கண்டக்டர் பேசினார்.

களவு போனது ஈயம்.

“போலீஸ்ல சொன்னீங்களா?” என்று கேட்டார் மேடம்.

“போனேன் மேடம். வீட்டுல ஈயத்தை வச்சு என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. ரயில் பண்றேன்னு சொன்னேன். எழுந்து போகச் சொல்லிட்டாங்க.”

அவர் சொன்னது உண்மைதான். வீட்டின் முன்னறையில் தராசுகளைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். பின்பக்கம் இருந்த இந்தத் தகரக் கொட்டகையில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, கட்டைவிரல் அளவில் பொருள்கள் வார்ப்பது அவருடைய ஆசை. அந்தக் காலத்தில் அதற்குச் செலவே இல்லை. இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். கல் எடை குறைந்தால் அந்தக் குழியில் ஈயம் ஊற்றிச் சரிசெய்வார்கள். பழைய கற்கள் வரும்போது மிச்ச ஈயம் தானாகச் சேர்ந்துவிடும். எண் காட்டும் மின்தராசு வந்த பிறகு கல்லே வருவதில்லை. பிறகு டயர் கடைகளில், சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடிக்கும் சின்ன ஈயத் துண்டுகளைப் பொறுக்கினார். இப்போது அதற்கும் இரும்பு வந்துவிட்டது. ஈயத்தின் விலை இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகிவிட்டது.

“ஒவ்வொரு துண்டும் எங்கே கிடைச்சதுன்னு என்னால சொல்ல முடியும் மேடம். ஞாயித்துக்கிழமை என் பையனுக்கு அஞ்சு வயசு முடியுது. ரயிலுக்குப் பன்னிரண்டாவது பெட்டி வார்க்கணும். முந்தாநாள் காலைல சந்தையில தராசு பார்க்கப் போனேன். திரும்பி வந்தா, கொட்டகை காலி.”

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அருகில் பார்க்க வேண்டியதை அவர் வெறுங்கண்ணால்தான் பார்ப்பார். சிமெண்டுத் தரை. ஓர் உதிரித் தூசி இல்லை.

“இதை நீங்க துடைச்சீங்களா?”

“நான் தொடவே இல்ல. வந்தப்பவே இப்படித்தான் இருந்தது. ஈரம்கூடக் காயல.”

கண்டக்டர் நிமிர்ந்தார். “திருடன் தரையைத் துடைச்சுட்டா போனான்? மேடம், பிடிச்சதும் ஒரு நாள் நம்ம ஆபீஸ் பக்கம் அனுப்பி வைக்கலாமா? மாடிப்படி பார்க்க முடியல.”

“வேற என்னென்ன போச்சு?” என்றார் மேடம்.

“ஈயம் உருக்கற சட்டி. அது சரி. ஆனா பழைய துடைப்பம் போச்சு. வாசல்ல போட்டிருந்த கால்மிதி போச்சு. ஈயத்து மேல மூடியிருந்த சாக்கு போச்சு. ஆணியில நான் மாட்டி வைக்கிற வேலைச் சட்டை, முழங்கை கிழிஞ்சது, அதையும் எடுத்துட்டான்.”

“அந்த மூலைல இருக்கறது?”

“செம்புக் கம்பிச் சுருள். ஆறு கிலோ இருநூறு.”

“ஈயத்தைவிடச் செம்பு விலை ஜாஸ்தி.”

“நாலு மடங்கு.”

“ஆக, செம்பை விட்டுட்டுத் துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போயிருக்கான்,” என்றார் கண்டக்டர். “எங்க டிப்போவுல ஒரு மேனேஜர் இருந்தார். அவர் வேலைதான் இது.”

மேடம் கையை உயர்த்திச் சுவரைத் தொட்டார். அவர் விரல் எட்டிய உயரம் வரை ஒட்டடை இல்லை. அதற்கு மேல் கூரை வரை அப்படியே தொங்கியது. தராசுக்காரர் அந்தக் கூரையை நின்றபடியே தட்டக்கூடிய உயரம்.

“நம்ம திருடன் உங்க உயரம்தான் மேடம். முந்தாநாள் நீங்க எங்க இருந்தீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க.”

மேடம் சுவரோரம் போனார். அங்கே எட்டுச் செங்கற்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

“வீட்டுல கட்டட வேலை ஏதாவது நடக்குதா?”

“இல்லையே. இது எப்படி வந்ததுன்னு நானும் யோசிச்சேன்.”

ஒரு செங்கல்லின் முனையிலிருந்து மேடம் ஒரு சாக்கு நாரை உருவி எடுத்தார். “இந்தச் செங்கல் சாக்குக்கு அடியில இருந்திருக்கு. ஈயத்தை ஒரே நாள்ல எடுக்கல சார். கொஞ்சம் எடுத்துட்டு, குவியல் குறையாம இருக்க ஒரு செங்கல்லை உள்ளே வச்சிருக்காங்க. அப்படி எட்டு நாள். ஒன்பதாவது நாள் மறைக்கத் தேவையில்ல, எல்லாத்தையும் எடுத்தாச்சு.”

தராசுக்காரர் கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். “ஒரு தடவைக்கு நாலு கிலோ எழுநூத்து முப்பத்து மூணு கிராம்.”

“பஸ்ல லக்கேஜ் டிக்கெட் கேக்க முடியாத எடை,” என்றார் கண்டக்டர். “கைப்பைன்னு சொல்லிடுவாங்க.”

காலிச் சட்டை ஆணியில் ஒரு துணிக்கீற்று சிக்கியிருந்தது. விரலகலம், கருநீலம், ஒரு பக்கம் மட்டும் கத்தரியால் வெட்டியது. மேடம் அதைக் கண்டக்டரின் தோல்பையில் போட்டார்.

வெளியே வந்தபோது பையன் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ரயில். ஓர் இன்ஜின், பதினொரு பெட்டி. ஒவ்வொன்றும் கம்பிக் கொக்கியால் கோத்தது. ஜன்னல்கள் கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. இன்ஜினின் புகைபோக்கி பையனின் வாயில் இருந்தது.

கண்டக்டர் எதிரே குந்தி உட்கார்ந்தார். “டிக்கெட், டிக்கெட்! சார் எந்த ஊருக்குப் போகணும்?”

பையன் அவரைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லாத ஒரு வெளுப்பு. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முன்னாடி ஒவ்வொரு பெட்டிக்கும் பேர் சொல்லுவான்,” என்றார் தராசுக்காரர். “அவனே வச்ச பேரு. கொஞ்ச மாசமா பேச்சைக் குறைச்சுட்டான். வயித்து வலின்னு சாப்பாட்டையும் தள்ளிடறான். வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும். அவங்கம்மாதான் ஊரைக் கூட்டறா. ஒரு நாளைக்கு மூணு தடவை குளிப்பாட்டறா. கை கழுவு, கை கழுவுன்னு எங்க ரெண்டு பேர் உயிரையும் எடுக்கறா.”

“ரயில் என்ன இப்படி மின்னுது?” என்றார் மேடம்.

“அதுவும் அவ வேலைதான். நகத்துக்குப் போடற பாலிஷ், நிறமில்லாதது. பூசிப் பூசி வைக்கிறா. பூச்சு இல்லாமத்தான் ஈயம் அழகு. சொன்னாக் கேட்கணுமே.” அவர் சிரித்தார். “கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பிறந்தவன் மேடம். எதைச் செஞ்சாலும் அவளுக்குக் குறைவாத்தான் தெரியும்.”

“அவங்க எங்கே?”

“தையல் யூனிட்டுக்குப் போயிருக்கா. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற இடம்.”

மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். பிறகு டயர் கடையை நோக்கி நடந்தார்.

டயர் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டபடியே பேசினார்.

“ஈயமா? நகைக்கடைக்குப் போங்கண்ணே.”

“அவ்வளவு விலையா?” என்றார் கண்டக்டர்.

“தராசுக்காரர் வாராவாரம் வருவாரு. நான் போடறது இரும்பு, துத்தநாகம். அவர் ஒவ்வொண்ணாக் கீழே போட்டுக் கேப்பாரு. மணி மாதிரி ஒலிச்சா வேண்டாம். பொத்துன்னு விழுந்தா ஈயம். மாசத்துக்கு நாலு துண்டு தேறும். பாவம், அந்த நாலையும் கையில உருட்டிக்கிட்டே போவாரு. இப்ப எட்டு மாசமா வரல. வேற இடம் கிடைச்சுடுச்சுன்னாரு. பாலத்துக்குக் கீழே பழைய இரும்புக்கடை இருக்கே, அதுதான்.”

மேடம் “எட்டு மாசம்” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

பழைய இரும்புக்கடையில் உடைந்த பேட்டரிகள் மார்பளவு குவிந்திருந்தன. கடைக்காரர் ஒரு பெரிய தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அது சரியான எடை காட்டும் தராசுதான். ரிப்பேர் பார்ப்பது நம்முடைய ஆள்.

கண்டக்டர் துணிக்கீற்றை மேஜைமேல் வைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்ததும் எழுந்து, பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தைத் தூக்கிவந்து பொத்தென்று போட்டார். வாயில் அதே கருநீலக் கீற்றால் இரட்டை முடிச்சு.

“ஒன்பது பொட்டலம். எல்லாத்துலயும் இதே முடிச்சு. திருட்டுச் சாமானாண்ணே? எனக்கு அப்பவே சந்தேகம்தான்.”

“எதனால?”

“விலை கேக்கலையே! ஈயம் விக்கிற விலையில, சின்னப் பசங்க தூண்டில் குண்டைக் கொண்டாந்து பேரம் பேசறானுங்க. இந்தப் பொம்பளை சாப்பாட்டுக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வருது, கீழே வைக்குது, காசு வேண்டாங்குது. ஒரே ஒரு பேச்சு. ‘அண்ணே, இதை இந்த ஊர்ல யாருக்கும் விக்காதீங்க. தூரமா, பெரிய ஆலைக்கு அனுப்பிடுங்க.’ தினமும் அதேதான்.”

“வேற ஏதாவது செஞ்சாங்களா?”

“அந்தக் குழாய்ல கை கழுவும். என் கடை சோப்புல இல்ல, தானே கூடையில சோப்பு கொண்டாரும். மூணு தடவை தேய்ச்சுக் கழுவும். கடைசி நாள் ஒரு துடைப்பம், கால்மிதி, சாக்கு, கிழிஞ்ச சட்டை, ஒரு சட்டி எல்லாத்தையும் கட்டிக் கொண்டாந்து குப்பைல போடச் சொல்லுச்சு.”

“சோப்போட வர்ற திருடி,” என்றார் கண்டக்டர். ஆனால் அவர் குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. ஏதோ ஒன்று அவருக்கும் உறைக்கத் தொடங்கியிருந்தது.

மேடம் பேட்டரிக் குவியலைப் பார்த்தார். “தராசுக்காரர் இங்கே என்ன வாங்குவார்?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “முன்னாடி நல்ல ஈயம் வாங்குவாரு. குழாய், தகடு. விலை ஏறினதும் கட்டுப்படியாகல. பேட்டரிய உடைச்சா உள்ளே தகடு வரும்ல, அதுலயும் ஈயம்தான். அழுக்கு, பொடியா உதிரும். ஆனா மலிவு. நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். ரெகுலர் ஆள்… நம்மால முடிஞ்ச உதவி.”

“எத்தனை மாசமா?”

“எட்டு மாசமிருக்கும். நேத்துக்கூட வந்தாரு. திருட்டுப் போச்சுன்னு கலங்கிப் போய் நின்னாரு. மூணு கிலோ சும்மாவே கொடுத்தேன். இது அவர் ஈயம்னு எனக்கு எங்கே தெரியும்?”

மேடம் ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

தையல் யூனிட் ஒரு நீளமான கூடம். நாற்பது இயந்திரங்கள், நாற்பது முதுகுகள். தரையெல்லாம் கருநீலத் துணிக்கீற்றுகள். தராசுக்காரரின் மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தார். மேடத்தின் உயரம்தான். கண்டக்டரின் கையிலிருந்த கீற்றைப் பார்த்ததும் அவர் கால் பெடலிலிருந்து இறங்கியது. இயந்திரம் நின்றது.

துணி அடுக்கும் பின்னறைக்குப் போனார்கள்.

“அவர் வச்ச ஆளுங்களா நீங்க?”

“ஆமா.”

“நான்தான் எடுத்தேன்கா. போய்ச் சொல்லணும்னா சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.” அவர் தன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன. அந்த ஒரு தாளை அத்தனை தடவை பிரித்திருக்கிறார்.

மேடம் படித்தார். பையனின் இரத்தப் பரிசோதனை. ஒரு வரிக்கு அடியில் டாக்டர் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“ஈயமா? இரத்தத்துலயா?”

“இருக்கவே கூடாதுன்னு சொன்னாரு டாக்டர். இவனுக்குப் பத்து ஆளுக்கு இருக்கற அளவு. வீட்டுல ஈயம் ஏதாவது இருக்காம்மான்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன்கா. அழுகை வரல, சிரிப்புத்தான் வந்துச்சு. ஏதாவது இருக்காவாம்! பிள்ளை தூங்கும்போது கூட அதை வாயில வச்சுக்கிட்டுத்தான் தூங்கறான்.”

“தூசி,” என்றார் மேடம். “சட்டையில, கால்மிதியில, சாக்குல.”

“வேலைச் சட்டையோட வந்துதான் அவனைத் தூக்குவாரு. அவன் அந்தச் சட்டையில மூஞ்சிய வச்சுக்குவான். அதான் எல்லாத்தையும் தூக்கினேன். எட்டின வரைக்கும் துடைச்சேன்.”

“ஏன் அவர்கிட்ட சொல்லல?”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “எப்படிக்கா சொல்றது? பதினோரு வருஷம் எந்தக் கோயில், எந்த ஆஸ்பத்திரி விட்டோம்? அவன் பிறந்த அன்னிக்குத் தராசுல போட்டுட்டு, ரெண்டு கிலோ எண்ணூத்து நாப்பது, ரெண்டு கிலோ எண்ணூத்து நாப்பதுன்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொன்ன மனுஷன். உன் பிள்ளைக்கு உன் கையாலதான் இது வந்துச்சுன்னு அவர்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? செத்துடுவாருக்கா.”

“ரயிலை மட்டும் ஏன் விட்டீங்க?”

“முடியல. ரெண்டு தடவை எடுத்தேன். மூச்சு நிக்கற மாதிரி அழறான். அவனுக்கு மிச்சமிருக்கறதே அது ஒண்ணுதான். பேச்சும் போயிட்டிருக்கு. அதான் பூசினேன். பன்னிரண்டு கோட்டிங். கடிச்சுக் கடிச்சு அதையும் உரிச்சுடறான்.”

கண்டக்டர் தோல்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“டாக்டர் என்னம்மா சொன்னார்? சரியாயிடுமா?” என்றார் மேடம்.

“போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது, இனிமே போகாமப் பார்க்கலாம்னு சொன்னாரு.” அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். “யாரோ எடுத்துட்டாங்க, கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்கக்கா. விலை இப்படியே ஏறிட்டு இருந்தா அவரா விட்டுடுவாரு. வாங்க முடியாதுல்ல? ஊர்ல எல்லாரும் விலை இறங்கணும்னு வேண்டிக்குவாங்க. ஏறணும் ஏறணும்னு வேண்டிக்கறவ நான் ஒருத்திதான்.”

மேடத்துக்கு அந்த வேண்டுதலை உடைக்க வேண்டியிருந்தது. இருபது வருட வேலையில் எத்தனையோ பொய்களை ஈவு இரக்கமில்லாமல் உடைத்தவர். இப்போது கண்ணாடியைக் கழற்றி, புடவை முனையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் கேட்டார்.

“பையனுக்கு உடம்புக்கு வந்து எத்தனை மாசமாச்சு?”

“ஏழு மாசமிருக்கும்.”

“அவர் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து வார்க்கிறார்ல? அது நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப ஏன் இப்படிப் படுத்துச்சு? விலை ஏறினதாலதாம்மா. நல்ல ஈயம் கட்டுப்படியாகாம, பேட்டரித் தகடை வாங்கி உடைச்சு உருக்கறார். எட்டு மாசமா. அதுலதான் தூசி ஜாஸ்தி. விலை ஏற ஏற அவர் விடமாட்டார். இன்னும் மோசமானதைத் தேடிப் போவார்.”

அந்த அம்மாள் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

“நேத்து மூணு கிலோ வாங்கிட்டுப் போயிருக்கார்,” என்றார் மேடம்.

அவர்கள் மூவரும் கொட்டகை வாசலை அடைந்தபோது தராசுக்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பழைய பால் டின் ஒன்றைச் சட்டியாக்கி அடுப்பேற்றியிருந்தார். துடைத்த தரையில் சாம்பல் நிறத்தில் பொடி.

“நீங்க திருடனைப் பிடிக்கிற வரைக்கும் பிறந்தநாள் நிக்குமா மேடம்? பாருங்க!” உள்ளங்கையில் பன்னிரண்டாவது பெட்டி. “ஐம்பத்தொரு கிராம். இன்னும் சூடு ஆறல.” அதற்குள் மனைவியைப் பார்த்தார். “நீ ஏன் இந்த நேரத்துல?”

மனைவி அவரைத் தாண்டி நடந்தார். படியில் இருந்த பையனிடம் போய், அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கடி தள்ளி நின்றார். ரயில் பையனின் கையிலிருந்து சங்கிலி போலத் தொங்கியது.

“சார், அதைக் கீழே வைங்க,” என்றார் மேடம். “நீங்க கணக்கு சரியாப் போடறவர். நான் சொல்றதை எடை போட்டுச் சொல்லுங்க. துடைப்பம், கால்மிதி, சாக்கு, வேலைச் சட்டை. நாலுக்கும் விலை கிடையாது. நாலுலயும் பொதுவா என்ன இருக்கு?”

“இதென்ன விடுகதை மேடம்? தூசிதான் இருக்கும்.”

“என்ன தூசி?”

“ஈயத் தூசி.”

“திருடின ஆள் அந்தத் தூசியைத் துடைச்சாங்க. கை எட்டின உயரம் வரைக்கும். எடுத்ததைப் பாலத்துக்குக் கீழே இருக்கற கடையில கொடுத்துட்டு, காசு வாங்கல. திரும்பவும் இந்தத் தெருவுக்கு வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. தன் சோப்புல மூணு தடவை கை கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாங்க. வீட்டுல யாரைத் தொடறதுக்காகக் கழுவியிருப்பாங்க?”

தராசுக்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. கண்கள் மட்டும் போயின. மனைவியின் கூடைக்கு. அவர் உயரத்துக்கு. பையனின் வெளுத்த வாய்க்கு. வாயிலிருந்த புகைபோக்கிக்கு.

மேடம் தாளை நீட்டினார். அவர் வாங்கவில்லை. மேடத்தின் கையில் இருந்தபடியே படித்தார். எண்களைப் படிக்க அவருக்கு நேரமாகாது. ஆனால் வெகுநேரம் படித்தார்.

“இது எவ்வளவு எடை?” என்றார் கடைசியில்.

“எது சார்?”

“இவன் உடம்புக்குள்ள போனது. மொத்தமா.”

“கடுகளவுகூட இருக்காது.”

“கடுகளவுகூட இருக்காது,” என்று அவர் திருப்பிச் சொன்னார். “அதைக் காட்டற தராசு என்கிட்ட இல்லையே.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “நாப்பத்திரண்டு கிலோ அறுநூறு. பாலம் வரைக்கும் நடந்து. தனியாவா தூக்கின?”

அந்தம்மாள் ஆமென்று தலையை ஆட்டினார். அதுவரை வராத அழுகை அந்தக் கேள்விக்கு வந்தது.

தராசுக்காரர் ஓரடி எடுத்து வைத்தார். கைகள் தாமாகவே நீண்டன. பையனும் தாயின் இடுப்பிலிருந்து அப்பாவை நோக்கிச் சாய்ந்தான். பாதி வழியில் தராசுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறம். சட்டென்று இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கிட்ட வராதே. கிட்ட வராதேடா கண்ணா. அப்பா கை அழுக்கு.”

அவர் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

கண்டக்டர் தோல்பையைத் திறந்துகொண்டு பையனிடம் வந்தார். “சார், ரயில் ஒர்க் ஷாப்புக்குப் போகுது. எல்லாரும் இறங்கணும். ஒவ்வொரு பெட்டியா எறக்கி விடுவோமா? இது என்ன பெட்டி?”

கொக்கியைக் கழற்றினார். பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அழத் தயாராக உதடு பிதுங்கியது. பிறகு, வாயிலிருந்து இன்ஜினை எடுத்துவிட்டுச் சொன்னான்.

“மழை.”

“மழைப் பெட்டி. ரைட்.” பெட்டி பைக்குள் போனது. “அடுத்தது?”

பையன் யோசித்தான். வாய் திறந்தது, மூடியது. எங்கோ தேடுவதுபோலக் கண்கள் அலைந்தன. பெயர் வரவில்லை.

“நாய்க்குட்டிப் பெட்டி,” என்றது குழாயடியிலிருந்து ஒரு குரல்.

தராசுக்காரர் திரும்பவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “அடுத்தது ஊஞ்சல் பெட்டி. அதுக்கப்புறம் தூக்கப் பெட்டி. அஞ்சாவது அம்மா பெட்டி.”

கண்டக்டர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெயர்கள் தண்ணீர்ச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தன. பதினொன்றாவது, அப்பா பெட்டி. அதற்கு முன்னால் மட்டும் சற்று நேரம் தண்ணீர்ச் சத்தம் தனியாகக் கேட்டது. இன்ஜினைப் பையனின் விரல்களிலிருந்து அவன் தாய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். பையன் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சத்தம் போட்டு அழக்கூட இல்லை.

மேடம் கொட்டகை வாசலில் குனிந்து, அங்கே வைத்திருந்த புதிய பெட்டியைக் கைக்குட்டையால் எடுத்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பன்னிரண்டு ஜன்னல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதையும் பையில் போட்டார்.

“இது?” என்றார் கண்டக்டர், தன்னையறியாமல்.

குழாயடியில் கைகள் நின்றன.

“அதுக்கு அவன் இன்னும் பேர் வைக்கல,” என்றார் தராசுக்காரர்.